அத்தியாயம் 6: ஒரே ரீலில் இரண்டு கைகள்

கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கத்து எடிட் அறைகளில் இன்றும் நடப்பது இது. எடிட்டர் ஒரு ரீலை முடித்ததும் உதவியாளர் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்புவார். டப்பிங்குக்கு ஒரு பிரதி, கிராஃபிக்ஸுக்கு ஒன்று, இசையமைப்பாளருக்கு ஒன்று. அவர் திரும்பி வருவதற்குள் இயக்குநர் ஒரு காட்சியைக் குறைத்திருப்பார். அந்த நொடியிலிருந்து வெளியே போன மூன்று பிரதிகளும் பழையவை. எது புதியது, எது பழையது என்ற கணக்கு உதவியாளரின் நோட்டுப் புத்தகத்திலும் அவருடைய நினைவிலும் மட்டுமே இருக்கும்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் பாரத்தைச் சுமக்க ஒரு மென்பொருளைக் கட்டுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். நந்தனத்தில் ஓர் அறை எடுத்துத் தொழில் தொடங்கும் நான்கு பேர் கொண்ட குழு என்று உங்களை வைத்துக்கொள்கிறேன். பல பேர் ஒரே நேரத்தில் ஒரே படத்தை வெட்டும் மென்பொருள் உங்கள் கனவு. எத்தனை வசதிகள் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் சுவரில் ஒரு வரியை எழுதி ஒட்டிவிடுங்கள்: எடிட்டர் எடுத்த ஒரு முடிவும் தொலையக் கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வரியின் விரிவுதான்.

படி 1: எடிட் அறையில் ஒரு வாரம் உட்காருங்கள்

இடம் உங்களுக்குச் சாதகம். நந்தனத்திலிருந்து தியாகராய நகரும் கோடம்பாக்கமும் கூப்பிடு தூரம். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அலுவலகம் நந்தனம் மெட்ரோ தலைமையக வளாகத்திலேயே இருக்கிறது. டான்சீட் என்ற தொடக்கநிலை நிதித் திட்டத்தைப் பற்றி நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் பணம் கேட்கப் போகும் முன் எடிட் அறைக்குப் போங்கள்.

சென்னைக்கு இந்தத் துறையில் ஒரு முன்வரலாறு உண்டு. ஜெயேந்திராவும் செந்தில் குமாரும் 1986இல் இங்கே தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம்தான் அவிட் என்ற கணினி எடிட்டிங்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1994 பொங்கலுக்கு வெளியான ‘மகாநதி’ அவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம். கணினியில் வெட்டப்பட்ட படம் ஒன்றுக்கு எடிட்டிங் ஆஸ்கர் முதன்முதலாகக் கிடைத்தது அதற்குப் பிறகு, 1997இல், ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்காக. அதே சென்னை நிறுவனம் பின்னாளில் க்யூப் என்ற டிஜிட்டல் திரையிடல் அமைப்பைச் சொந்தமாக உருவாக்கியது. இந்த ஊரில் வெளிநாட்டுக் கருவியைக் கற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள், சொந்தக் கருவி செய்தவர்களும் இருந்தார்கள். நீங்கள் மூன்றாவது வரிசையில் நிற்கிறீர்கள்.

மூவியோலா என்ற ஃபிலிம் எடிட்டிங் கருவியில் கைப்பழகிய எடிட்டர்கள் கணினிக்கு மாறியதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெட்டிய துண்டுகளைத் தொங்கவிடும் துணித் தொட்டிக்கு எடிட் அறையில் ‘பின்’ என்று பெயர். கணினியிலும் அதே பெயர் நின்றது. நீங்களும் அறையின் சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள்: ரீல், பின், ரஷ், லாக், கட் பாயின்ட். ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து, ‘இது பழசு சார்’, ‘எந்த வெர்ஷன்?’, ‘சவுண்ட் தள்ளிப்போச்சு’ என்று யாராவது சொல்லும் ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே உங்களுக்குச் சொல்லிவிடும்.

படி 2: படத்தையும் முடிவையும் பிரியுங்கள்

ஃபிலிம் காலத்தில் மூல நெகட்டிவை எடிட்டர் தொட மாட்டார். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் வெட்டி ஒட்டுவார். நெகட்டிவின் ஓரத்தில் இருந்த எண்கள் ரஷ் பிரிண்டிலும் பதிந்திருக்கும். எல்லாம் முடிவான பிறகு, அந்த எண்களைப் பார்த்து நெகட்டிவ் கட்டர் மூலத்தை வெட்டுவார். கனமான பொருள் பத்திரமாக ஓரிடத்தில் இருந்தது, கைக்குக் கை போனது எண்கள் மட்டும்.

உங்கள் மென்பொருளின் அடித்தளமும் இதுதான். 4கே யூஹெச்டி அளவில், நொடிக்கு 24 ஃபிரேம், புரோரெஸ் 422 ஹெச்க்யூ தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 318 ஜிபி. 100 மெகாபிட் வேகத்தில் அதை ஏற்ற ஏழு மணி நேரம் ஆகும். அதே ஒரு மணி நேரம் 1080 அளவு புரோரெஸ் புராக்ஸியாக, அதாவது எடிட்டிங்குக்கான எடை குறைந்த பிரதியாக, இருந்தால் சுமார் 16 ஜிபி, இருபது நிமிடச் சொச்சத்தில் ஏறிவிடும். ‘14ஆவது ஷாட்டின் கடைசியில் 12 ஃபிரேம் குறை’ என்ற முடிவோ சில நூறு பைட்தான். மூலம் தயாரிப்பாளரின் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். புராக்ஸி எல்லோரிடமும் இருக்கட்டும். இணையத்தில் ஓயாமல் ஓட வேண்டியது முடிவு மட்டுமே.

ரஷ் பிரிண்டின் ஓர எண்ணுக்கு இணையான ஒன்று இங்கேயும் வேண்டும். கோப்பின் பெயரை நம்பாதீர்கள். கேமராவில் கார்டு மாற்றிய ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மறுபடி தொடங்கலாம். அப்போது ஒரே படப்பிடிப்பில் ‘சி0001’ என்ற பெயரில் ஐந்து கோப்புகள் வந்து சேரும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று அடையாளங்களைப் பதியுங்கள்: கார்டின் பெயர், டைம்கோடு, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண். புராக்ஸியின் ஃபிரேம் எண்ணிக்கையும் டைம்கோடும் மூலத்தோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒரு ஃபிரேம் மாறினாலும் அந்தப் புராக்ஸியை ஏற்காதீர்கள். கடைசியில் மூலத்தோடு சேர்க்கும் கன்ஃபார்ம் வேலையில் அந்த ஒரு ஃபிரேம் நூறு இடங்களில் வந்து நிற்கும்.

படி 3: நேரத்தை முழு எண்ணில் எண்ணுங்கள்

புதிய குழுக்கள் முதலில் வழுக்கும் இடம் இது. நேரத்தை நொடியாக எடுத்து, தசமப் புள்ளியோடு சேமிப்பார்கள். கணினியின் தசமக் கணக்கில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. ஒரு கட் பாயின்டில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் கட் பாயின்ட் உள்ள ரீலில் எங்காவது ஓர் இடத்தில் ஒரு ஃபிரேம் முந்தும் அல்லது பிந்தும்.

சினிமாவுக்கு 24, இந்தியத் தொலைக்காட்சிக்கு 25 என்று கணக்கு எளிதாகத் தெரியும். ஆனால் 23.976 என்று நாம் சொல்லும் வேகம் உண்மையில் 24000ஐ 1001ஆல் வகுத்த பின்னம். அதை 24 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 86 ஃபிரேம், அதாவது 3.6 நொடி தவறும். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போவதற்குக் கால் நொடியே அதிகம். எனவே ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு முழு எண்களாகச் சேமியுங்கள்: எத்தனையாவது அலகு, நொடிக்கு எத்தனை அலகு. பிக்சாரில் உருவான ஓப்பன்டைம்லைன்ஐஓ என்ற திறந்தநிலை நூலகம் நேரத்தை வேகத்தோடு சேர்த்தே வைக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் வடிவத்தைத் தீர்மானியுங்கள்.

கைப்பேசிப் பதிவுகள் தனிச் சிக்கல். பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதியும். அப்படி வரும் கோப்பை உள்ளே எடுக்கும்போதே நிலையான வேகத்துக்கு மாற்றி, மாற்றியதை எடிட்டருக்குத் தெரியும்படி குறித்துவிடுங்கள்.

படி 4: முதலில் பூட்டு, பிறகு இணைப்பு

இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பூட்டு. அவிட்டில் பகிர்ந்த சேமிப்பகத்தில் ஒருவர் ஒரு பின்னைத் திறந்து வேலை செய்யும்போது மற்றவர்களுக்கு அது சிவப்புப் பூட்டோடு தெரியும். பார்க்கலாம், மாற்ற முடியாது. இன்னொன்று இணைப்பு. இருவரும் மாற்றலாம், மென்பொருள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். 1989இல் எல்லிஸ், கிப்ஸ் இருவரும் எழுதிய ஆய்வும், 2011இல் ஷாப்பிரோவும் அவருடைய கூட்டாளிகளும் வரையறுத்த சிஆர்டிடி என்ற தரவு அமைப்பும் இந்த வழியின் முக்கிய மைல்கற்கள்.

படிக்கும்போது இணைப்பு கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தொடங்க வேண்டியது பூட்டிலிருந்து. நம் ஊர் வேலைமுறையே அதற்குத் தோதானது. 35 எம்எம் ஃபிலிமில் 1,000 அடி என்பது சுமார் 11 நிமிடம், 2,000 அடி ரீல் சுமார் 22 நிமிடம். ஃபிலிம் போன பிறகும் அந்தப் பிரிவு வேலையில் நிலைத்திருக்கிறது. இரண்டரை மணி நேரப் படம் ஏழெட்டு ரீலாகப் பிரியும், டப்பிங்கும் ரீ-ரெக்கார்டிங்கும் ரீல் கணக்கில் நடக்கும். முதல் வெளியீட்டில் ரீல் அளவில் பூட்டு வையுங்கள். குறிப்பு எழுதுவதற்குப் பூட்டு வேண்டாம். பூட்டை வைத்திருப்பவர் பெயரும், எவ்வளவு நேரமாக வைத்திருக்கிறார் என்பதும், அவரிடம் கேட்டு வாங்கும் வழியும் திரையில் இருக்கட்டும். அவருடைய கணினி அணைந்துபோனால் பூட்டு தானாக விடுபட வேண்டும். ஆனால் அவர் கடைசியாகச் செய்த மாற்றங்கள் தனிக் கிளையாகப் பத்திரமாக இருக்க வேண்டும்.

இணைப்புக்குப் போகும் காலம் வரும்போது ஓர் உதாரணத்தை மறக்காதீர்கள். கணவன் ஒரு கேள்வி கேட்கிறான். மனைவி பதில் சொல்வதற்கு முன் ஒரு மௌனம். இரண்டு எடிட்டர்களுக்கும் அந்த மௌனம் சற்று நீளமாகப் படுகிறது. ஒருவர் கணவன் ஷாட்டின் முடிவில் 12 ஃபிரேம் எடுக்கிறார். மற்றவர் மனைவி ஷாட்டின் தொடக்கத்தில் 12 ஃபிரேம் எடுக்கிறார். தரவின் கணக்கில் மோதலே இல்லை: இரண்டும் வேறு வேறு கிளிப். மென்பொருள் இரண்டையும் அமைதியாகச் சேர்த்துவிடும். விளைவு, ஒரு முழு நொடி போய்விட்டது. அரை நொடி குறைந்திருந்தால் காட்சி இறுகியிருக்கும். ஒரு நொடி குறைந்ததில் மௌனமே செத்துவிட்டது.

எல்லாக் கணினியிலும் ஒரே டைம்லைன் தெரிகிறது என்பதால் அது சரியான டைம்லைன் ஆகிவிடாது. ஆகவே மோதலைக் கிளிப் அளவில் தேடாமல் கட் பாயின்ட் அளவில் தேடுங்கள். ஒரு கட் பாயின்டின் இருபுறமும் வேறு வேறு ஆட்கள் கைவைத்திருந்தால், இருவர் திரையிலும் அந்த இடத்தில் குறி தெரிய வேண்டும். அவருடைய வடிவம், இவருடைய வடிவம், சேர்ந்த வடிவம் மூன்றையும் ஓட்டிப் பார்த்து மனிதரே முடிவு செய்யட்டும்.

படி 5: ஒவ்வொரு வெட்டையும் பேரேட்டில் எழுதுங்கள்

டைம்லைனின் தற்போதைய நிலையை மட்டும் சேமித்தால் வரலாறு தொலையும். கணக்குப்பிள்ளையின் பேரேடு போல ஒவ்வொரு செயலையும் வரிசையாக எழுதுங்கள்: யார், எப்போது, எந்தக் கிளிப்பில், என்ன செய்தார். எழுதிய வரியை அழிக்கக் கூடாது. தவறு என்றால் திருத்தும் வரியை அடுத்து எழுத வேண்டும். இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை.

• நகர்த்தலைத் தனிச் செயலாக வையுங்கள். ‘இங்கே நீக்கு, அங்கே சேர்’ என்று இரண்டாக எழுதினால், இருவர் ஒரே ஷாட்டை ஒரே நேரத்தில் நகர்த்தும்போது அந்த ஷாட் இரண்டாகிவிடும். மார்ட்டின் கிளெப்மன் 2020இல் இந்தச் சிக்கலுக்கென்றே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

• ஒலியை நேரத்தில் கட்டாமல் ஷாட்டில் கட்டுங்கள். கதவு சாத்தும் ஒலியை ‘மூன்றாம் நிமிடம் பத்தாம் நொடி’யில் வைத்தால், முன்னால் யாரோ இரண்டு நொடி குறைத்ததும் கதவு சாத்திய பிறகு சத்தம் வரும். ‘இந்த ஷாட்டின் 31ஆவது ஃபிரேம்’ என்று கட்டினால் ஷாட் எங்கே போனாலும் ஒலி கூடவே போகும். ‘சவுண்ட் தள்ளிப்போச்சு’ என்ற புகாருக்கு இதுதான் மருந்து.

• அன்டூ அவரவருடையது. நான் அன்டூ அழுத்தினால் என் கடைசிச் செயல் மட்டும்தான் திரும்ப வேண்டும். வேறொருவர் சற்று முன் செய்தது அதில் போய்விட்டால் உங்கள் மென்பொருளை அவர் இன்னொரு முறை திறக்க மாட்டார்.

படி 6: மின்சாரமும் இணையமும் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்

2015 டிசம்பர் முதல் தேதி அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் வெள்ளத்தில் மூழ்கின. நந்தனம் அவற்றின் பக்கத்து ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. பொங்கல் வெளியீட்டுக்குப் படங்கள் இரவு பகலாக எடிட்டில் இருக்கும் மாதமும் அதுதான். இந்த ஊருக்கு மென்பொருள் செய்பவர்கள் டிசம்பரை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

வரிசை இப்படி இருக்கட்டும். எடிட்டர் வெட்டுகிறார். அந்தச் செயல் முதலில் அவருடைய கணினியின் டிஸ்க்கில் பதிகிறது. எஸ்க்யூலைட் போன்ற, பாதியில் மின்சாரம் போனாலும் குலையாத தரவுத்தளம் இதற்குப் போதும். பதிந்தது என்று இயங்குதளம் உறுதி தந்த பிறகே திரையில் ‘பதிந்தது’ என்று காட்டுங்கள். சர்வருக்கு அனுப்புவது அதற்குப் பின். இணையம் இல்லையென்றால் வரிசையில் காத்திருக்கும், வந்ததும் போகும். ஒவ்வொரு செயலுக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். பதில் வரவில்லை என்று இரண்டாம் முறை அனுப்பினாலும் சர்வர் ஒருமுறைதான் ஏற்க வேண்டும். இல்லையென்றால் 12 ஃபிரேம் குறைக்கச் சொன்னது 24 ஆகும்.

திரையின் ஓரத்தில் மூன்று நிலைகள் எப்போதும் தெரியட்டும்: ‘உங்கள் கணினியில் உள்ளது’, ‘சர்வரில் உள்ளது’, ‘மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள்’. இரவு இரண்டு மணிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போக ஓர் எடிட்டருக்கு இந்த மூன்று வாக்கியங்கள் வேண்டும்.

படி 7: வாடிக்கையாளருக்கு முன் நீங்களே உடைத்துப் பாருங்கள்

வாரம் ஒரு நாளை உடைப்பதற்கென்றே ஒதுக்குங்கள். மூன்று கற்பனை எடிட்டர்களை நிரலாக எழுதி, ஆயிரக்கணக்கான செயல்களைத் தாறுமாறாகச் செய்ய விடுங்கள். செய்திகள் பிந்தட்டும், முந்தட்டும், இரட்டிக்கட்டும், தொலையட்டும். முடிவில் மூவரின் டைம்லைனும் ஒன்றாக இருக்கிறதா, எந்தச் செயலும் காணாமல் போகவில்லையா என்று சரிபாருங்கள். தோற்ற ஓட்டத்தை அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்க அதன் தொடக்க எண்ணைச் சேமித்துவையுங்கள். பிறகு நிஜக் கணினியில் டைம்லைன் ஓடும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். டிஸ்க்கை நிரப்பிவிட்டு வெட்டுங்கள். கணினியின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து வெட்டுங்கள். கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையும் சோதனைத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர வேண்டும்.

படி 8: முதல் படத்தை அடக்கமாகத் தேர்ந்தெடுங்கள்

பெரிய படத்தைத் தேடிப் போகாதீர்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி மாணவரின் குறும்படம், வாரம் மூன்று காணொளி போடும் ஒரு யூடியூப் குழு, ஒரு விளம்பரப் படம், இந்த அளவில் தொடங்குங்கள். முதல் திட்டம் முழுவதும் அவர்களுடைய பழைய முறையும் கூடவே நடக்கட்டும். தினமும் இரவு ஈடிஎல் (வெட்டுப் பட்டியல்), எக்ஸ்எம்எல் வடிவங்களில் டைம்லைனை ஏற்றுமதி செய்து அவர்களுடைய டிஸ்க்கிலேயே வைத்துவிடுங்கள். நாளைக்கே உங்கள் நிறுவனம் மூடினாலும் அவர்கள் வேறு மென்பொருளில் திறந்து வேலையைத் தொடர முடிய வேண்டும். வெளியேறும் கதவு திறந்திருப்பதைப் பார்த்தவர்தான் தைரியமாக உள்ளே வருவார். வெளியாகாத படம் கசியும் அச்சமும் அவர்களுக்கு இருக்கும். எனவே ஒவ்வொருவருக்கும் போகும் புராக்ஸியில் அவருடைய பெயரை நீர்க்குறியாகப் பதியுங்கள்.

வெளியிடும் முன் சரிபார்க்க

1. நேரம் எங்கேயாவது தசம எண்ணாகச் சேமிக்கப்படுகிறதா?
2. புராக்ஸியின் ஃபிரேம் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிறதா?
3. ஒரே செயல் இருமுறை வந்தால் ஒருமுறைதான் நடக்கிறதா?
4. ஒருவர் நீக்கிய ஷாட்டை இன்னொருவர் அதே நேரத்தில் டிரிம் செய்திருந்தால், அவருடைய வேலையை மீட்டெடுக்க முடிகிறதா?
5. மூன்று நாள் இணையம் இல்லாத எடிட்டர் திரும்பி வந்தால் அவருடைய மாற்றங்கள் முழுமையாக வந்து சேர்கின்றனவா?
6. ஏற்றுமதி செய்த ஈடிஎல் வேறு மென்பொருளில் ஃபிரேம் பிசகாமல் திறக்கிறதா?

பயிற்சி

இரண்டு மடிக்கணினி, பத்து ஷாட் உள்ள ஒரு காட்சி. உங்கள் குழுவில் இருவர் தனித்தனி அறையில் உட்காருங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். இருவரும் அதே மௌனத்தை 12 ஃபிரேம் குறையுங்கள், ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். பிறகு ஒருவருடைய மடிக்கணினியை மின்சாரம் போனதுபோல் அணைத்து, மீண்டும் இயக்கி, இணையத்தை இணையுங்கள். இருவருடைய வெட்டும் பேரேட்டில் இருந்து, இருவர் திரையிலும் அந்தக் கட் பாயின்டில் குறி தெரிந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். தெரியவில்லையென்றால் படி 4க்குத் திரும்புங்கள்.